ஆப்பிரிக்கப் பஞ்சம்: படத்தில் வந்ததும் வராததும்

1984 அக்டோபர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சிச் செய்தியில் ஏறத்தாழ ஏழு நிமிடம் ஓடிய ஒரு தொகுப்பு ஒளிபரப்பானது. வட எத்தியோப்பியாவின் கோரெம் என்னும் மலையூரில், விடியற்காலைக் குளிரில், பல்லாயிரம் பேர் உணவுக்காகத் திறந்தவெளியில் காத்துக் கிடந்த காட்சி அது. செய்தியாளர் மைக்கேல் பியூர்க். ஒளிப்பதிவாளர் முகமது அமீன். இருபதாம் நூற்றாண்டில் நடக்கும் பைபிள் காலத்துப் பஞ்சம் என்று பியூர்க் அதை வருணித்தார். உலகெங்கும் 425 தொலைக்காட்சி நிலையங்கள் இதை மறுஒளிபரப்புச் செய்தன என்றும், சுமார் 47 கோடிப் பேர் பார்த்தனர் என்றும் கணக்குச் சொல்வார்கள்.

அதற்குப் பின்வந்த நாற்பது ஆண்டுகளில் ஆப்பிரிக்கா என்ற சொல்லோடு பட்டினி என்ற சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் சமூக அறிவியல் நடத்திய வகுப்புகளில், ஆப்பிரிக்கா என்றதும் எது நினைவுக்கு வருகிறது என்று கேட்டால் சிங்கம், பாலைவனம், அடுத்தபடியாக எலும்பும் தோலுமான ஒரு குழந்தை என்றே பதில் வரும். அக்கண்டத்தில் 54 நாடுகள் இருக்கின்றன. அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குழந்தை, எந்த ஆண்டில், யார் உணவைத் தடுத்ததால் அந்நிலைக்கு வந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். மாணவர்கள் மேல் குறையில்லை. அவர்கள் பார்த்த படத்தில் அந்தச் செய்தி இருந்ததில்லை.

அந்த விடுபட்ட செய்தியே இக்கட்டுரையின் பொருள்.

வறட்சி வேறு, பஞ்சம் வேறு

மழை பொய்ப்பது வறட்சி. உணவு போதாமல் வாடுவது பட்டினி. பெருந்திரளான மக்கள் உணவு கிட்டாமல் குறுகிய காலத்தில் சாவது பஞ்சம். வறட்சி வந்த இடத்திலெல்லாம் பஞ்சம் வருவதில்லை.

இன்று ஐ.நா. அமைப்புகளும் பிற நிறுவனங்களும் உணவுப் பாதுகாப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்து அளக்கின்றன. ஐந்தாவது நிலைதான் பஞ்சம். ஒரு பகுதியில் குறைந்தது 20 விழுக்காடு குடும்பங்களுக்கு உணவு அடியோடு அற்றுப்போயிருக்க வேண்டும். 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் கடும் ஊட்டக்குறைவில் இருக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் இருவர் வீதம் இறக்க வேண்டும். இவை மூன்றும் சேர்ந்தால்தான் பஞ்சம் என்று அறிவிப்பார்கள். அறிவிப்பு வரும்போது பலர் இறந்து முடிந்திருப்பார்கள் என்பது இந்த வரையறையிலேயே அடங்கியிருக்கிறது.

பஞ்சத்தின் காரணங்களை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அமர்த்தியா சென். ஒரு நாட்டில் மொத்த உணவு எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டிலும், அந்த உணவைப் பெறும் வழி யாருக்கு இருக்கிறது, யாருக்கு அற்றுப்போனது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். 1981இல் வெளிவந்த அவருடைய நூலில் எத்தியோப்பியாவின் வொல்லோ மாநிலப் பஞ்சம் ஓர் அத்தியாயமாகவே இடம்பெற்றது. அதைப் பின்னர் பார்ப்போம்.

படமெடுக்கும் வழக்கம் எங்கே தொடங்கியது

பஞ்சத்தைப் படமெடுக்கும் வழக்கம் ஆப்பிரிக்காவில் பிறந்ததன்று. அதன் தொடக்கக் காலச் சான்றுகள் சில நம்முடைய தாது வருடப் பஞ்சத்தில் இருக்கின்றன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அப்பஞ்சத்தின்போது, வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்புக்கூடாகிப்போன மக்களைக் கூட்டமாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படமெடுத்தார். இன்றும் அவை இணையத்தில் சுற்றுகின்றன. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சப் படங்கள் என்று தவறான தலைப்போடு சுற்றுவதும் உண்டு. படத்தில் இருப்பவர்களுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. அதனால்தான் யாரும் எந்தத் தலைப்பையும் ஒட்ட முடிகிறது.

அந்தப் படங்களில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1877 சனவரி முதல் நாள் விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்க, வைசிராய் லிட்டன் தில்லியில் பெரும் தர்பார் நடத்தினார். நாட்டிலிருந்து தானியக் கப்பல்கள் வெளியேறுவதும் நிற்கவில்லை. இங்கிலாந்தில் லண்டன் மேயர் பெயரில் நிவாரண நிதி திரட்டப்பட்டது. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் பசித்தவன் படத்தில் இருந்தான். தர்பார் படத்தில் இல்லை. இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போவோம்.

பையாஃப்ரா, 1967–1970

நைசீரியாவின் கிழக்குப் பகுதி 1967இல் பையாஃப்ரா என்ற பெயரில் தனிநாடாக அறிவித்துக்கொண்டது. இக்போ மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதி அது. கூட்டாட்சி அரசு போர் தொடுத்ததோடு தரை, கடல் வழிகளையும் முற்றுகையிட்டது. போரிலும் பட்டினியிலும் இறந்தவர்கள் 5 லட்சம் முதல் 30 லட்சம் வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெரும்பாலோர் குழந்தைகள்.

1968ஆம் ஆண்டின் நடுவில் அக்குழந்தைகளின் படங்கள் ஐரோப்பிய, அமெரிக்க இதழ்களில் வரத் தொடங்கின. அவ்வாண்டு சூலையில் அமெரிக்காவின் லைஃப் இதழ் அவர்களையே அட்டையில் போட்டது. ஊதிய வயிறு, வெளுத்த முடி, குச்சிக் கால்கள். அந்த நோய்க்குக் குவாசியோர்கர் என்று பெயர். இன்றைய கானாவில் பேசப்படும் கா மொழிச் சொல் இது. அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நின்றுபோன மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. 1930களில் அங்கே பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அதை மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். நோயை முதலில் உற்றுக் கவனித்துப் பெயரும் வைத்தவர்கள் அந்நாட்டுத் தாய்மார்களே என்பதைச் சொற்பொருளே காட்டுகிறது. வயிறு பெருத்திருப்பதால் அது பசியில்லை என்று எண்ணுவோர் உண்டு. நீர் கோத்த வீக்கமும் ஈரல் வீக்கமும் தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வயிற்றை அப்படிக் காட்டுகின்றன.

பையாஃப்ரா அரசு ஜெனீவாவில் மார்க்பிரஸ் என்ற விளம்பர நிறுவனத்தை அமர்த்திச் செய்திகளை உலகெங்கும் அனுப்பியது. முற்றுகையிட்ட அரசு பட்டினியை ஆயுதமாக்கியது. முற்றுகையில் சிக்கிய அரசு அதே பட்டினியைத் தன் கட்சியைச் சொல்லும் சாட்சியாக்கியது. உணவைத் தரைவழியாக அனுப்புவது பற்றிய பேச்சுவார்த்தைகள் இரு தரப்பு ஐயங்களாலும் முறிந்தன. தேவாலய அமைப்புகள் இரவில் ஊலி என்ற நெடுஞ்சாலை விமானத் தளத்தில் உணவை இறக்கின. அதே தளத்தில் ஆயுதங்களும் இறங்கின. அந்த உதவி உயிர்களைக் காத்ததா, போரை நீட்டித்ததா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. இரண்டையும் செய்தது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அங்கே பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர்கள் சிலர், கண்டதைப் பேசாமல் சிகிச்சை மட்டும் செய்வது போதாது என்று கருதினர். அவர்களும் சில பத்திரிகையாளர்களும் சேர்ந்து 1971இல் தொடங்கியதுதான் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு. இவர்களை மீண்டும் எத்தியோப்பியாவில் சந்திப்போம்.

வொல்லோ 1973: மறைக்கப்பட்ட பஞ்சம்

பேரரசர் ஹைலி செலாசி ஆண்ட எத்தியோப்பியாவில் 1972–73இல் வொல்லோ மாநிலத்தில் பஞ்சம் வந்தது. அரசு அதை மூடி மறைத்தது. 1973 அக்டோபரில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஜோனதன் டிம்பிள்பி தயாரித்த 'அறியப்படாத பஞ்சம்' என்ற படம் வெளியான பிறகே உலகுக்குத் தெரிந்தது. 50,000 முதல் 2,00,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று சென் குறிப்பிடுகிறார்.

அவர் காட்டிய கணக்கு வியப்பளிப்பது. அவ்வாண்டு எத்தியோப்பியாவின் மொத்த உணவு விளைச்சல் ஏறத்தாழ 7 விழுக்காடுதான் குறைந்தது. வொல்லோவின் தலைநகர் டெசியேயில் தானிய விலை பெரிதாக ஏறவில்லை. அம்மாநிலத்திலிருந்து தானியம் அடிஸ் அபாபாவுக்கும் அஸ்மாராவுக்கும் போய்க்கொண்டிருந்தது. விளைச்சல் போன வொல்லோ உழவனிடம் வாங்கக் காசில்லை. விற்க வைத்திருந்த மாடும் மெலிந்து விலை போகவில்லை. கையில் காசில்லாதவன் சந்தைக்கு வருவதில்லை. அவன் வராவிட்டால் விலையும் ஏறாது. வெளியூர் அதிகாரிக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

டிம்பிள்பியின் படத்துக்கு வேறொரு வாழ்வும் கிடைத்தது. 1974 செப்டம்பர் 11 இரவு, எத்தியோப்பியத் தொலைக்காட்சியில் அந்தப் பஞ்சக் காட்சிகளுக்கு நடுநடுவே அரண்மனை விருந்துகளின் காட்சிகளை வெட்டி ஒட்டி ஒளிபரப்பினார்கள். மறுநாள் காலை ராணுவக் குழுவினர் பேரரசரைப் பதவியிறக்கி அழைத்துச் சென்றனர். தாது வருடப் படங்களில் இல்லாத தர்பார் இந்தப் படத்தில் ஏறிவிட்டது. உணவைத் தடுத்தவனும் பசித்தவனும் ஒரே திரையில் வரும்போது என்ன நடக்கும் என்பதற்கு வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அந்தச் சான்றைத் தயாரித்தவர்கள் நல்லவர்களாக இல்லாமல் போனது வேறு கதை. டெர்க் எனப்பட்ட அந்த ராணுவக் குழுவும் அதன் தலைவராக உயர்ந்த மெங்கிஸ்து ஹைலி மரியமும் பத்தே ஆண்டுகளில் தங்கள் பஞ்சத்தை மறைக்கத் தொடங்கினர்.

கோரெம் 1984: கேமரா திரும்பாத பக்கம்

1984 மார்ச்சிலேயே எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையம் நன்கொடை நாடுகளிடம் எச்சரிக்கை விடுத்து உணவு கேட்டது. அவ்வாணையத்தின் தலைவர் தாவித் வோல்டே கியோர்கிஸ். நன்கொடை நாடுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மார்க்சிய அரசின் கணக்கை அவை நம்பவில்லை என்பது ஒரு காரணம். அவ்வாண்டு ஐரோப்பியச் சமூக நாடுகளின் கிடங்குகளில் உபரித் தானியம் குவிந்து கிடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மெங்கிஸ்து அரசோ செப்டம்பரில் புரட்சியின் பத்தாம் ஆண்டு விழாவை அடிஸ் அபாபாவில் பெருஞ்செலவில் கொண்டாடுவதில் முனைந்திருந்தது. விழா முடியும்வரை வெளிநாட்டுச் செய்தியாளர்களுக்கு வடக்கே செல்ல அனுமதி கிடைக்கவில்லை. விழா முடிந்த பின்னரே பியூர்க்கும் அமீனும் கோரெமுக்குப் போக முடிந்தது.

அமீனைப் பற்றி ஒரு சொல். பஞ்சாபிலிருந்து கென்யாவுக்குக் குடியேறிய குடும்பத்தில், நைரோபியில் 1943இல் பிறந்தவர். 1991இல் அடிஸ் அபாபாவில் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது ஒரு கையை இழந்தார். செயற்கைக் கையோடு மீண்டும் கேமராவைத் தூக்கினார். 1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் கொமோரோ தீவுகளருகே கடலில் விழுந்தபோது இறந்தார். வெள்ளைக்காரர் கண்ணால் பார்த்த ஆப்பிரிக்கா என்று இந்தப் படங்களை ஒரே வாக்கியத்தில் ஒதுக்குவோர் அமீனை மறந்துவிடுகிறார்கள். படம் பிடித்தது ஓர் ஆப்பிரிக்கர். அதற்கு உரை எழுதியதும், எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ததும், எந்தத் தலைப்பில் உலகுக்குக் கொடுப்பது என்று தீர்மானித்ததும் வேறு இடத்தில் நடந்தன.

அந்த உரையில் வறட்சி இருந்தது. போர் ஏறக்குறைய இல்லை. ஆனால் பஞ்சம் மிகக் கடுமையாக இருந்த நிலப்பகுதியையும் போர் நடந்த நிலப்பகுதியையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பெரும்பாலும் பொருந்தும். எரித்திரியாவிலும் திக்ரேயிலும் கிளர்ச்சிப் படைகளோடு அரசு போரிட்டுக்கொண்டிருந்தது. 1983இல் மேற்குத் திக்ரேயின் ஷிரே பகுதியில் படை புகுந்தது. உபரியாக விளையும் நிலம் அது. அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். சந்தைகள் மீது விமானங்கள் குண்டு வீசியதால் மக்கள் இரவில் சந்தை கூடினார்கள். வெளியூருக்குக் கூலிவேலைக்குப் போவதும் தானியம் கொண்டுவந்து விற்பதும் தடைபட்டன. மழை குறைந்த ஆண்டுகளில் அம்மக்களைக் காலங்காலமாகக் காத்துவந்த வழிகள் அவைதாம். மற்ற பகுதிகளில் அரசுக் கொள்முதல் நிறுவனம் உழவர்களிடம் குறைந்த விலையில் கட்டாயமாகத் தானியம் பெற்றது.

எத்தியோப்பியப் பஞ்சங்களை ஆராய்ந்த அலெக்ஸ் டி வால், இப்பஞ்சத்தின் இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு மனித உரிமை மீறல்களே பொறுப்பு என்று 1991இல் எழுதினார். அவை இல்லாவிட்டால் பஞ்சம் இவ்வளவு விரைவாகவும் கடுமையாகவும் பரவலாகவும் வந்திராது என்பது அவர் வாதம். மொத்த இறப்பு 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள்.

திரையில் வராத இன்னொன்றும் உண்டு. 1984 இறுதியில் திக்ரேயிலிருந்து ஏறத்தாழ 2 லட்சம் பேர் சூடானுக்கு நடந்தே சென்றனர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடந்தார்கள். இந்தப் பயணத்தை வழிநடத்தியது திக்ரே மக்களே நடத்திய நிவாரணச் சங்கம். கோரெமில் நாம் பார்த்தவர்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே மலைகளில் அதே மாதங்களில் ஊர் ஊராகத் திட்டமிட்டு, வழியில் தங்குமிடமும் தண்ணீரும் ஏற்பாடு செய்து, ஒரு நாட்டையே கடந்து நடந்தவர்கள் இருந்தார்கள். கையேந்தி உட்கார்ந்திருப்பவர்களின் உருவம் உலகத்துக்குப் போனது; நடந்தவர்களின் உருவம் போகவில்லை.

பாட்டும் பணமும்

பியூர்க்கின் செய்தியைப் பார்த்த அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப், மிட்ஜ் யூருடன் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார். நவம்பர் 25 அன்று பிரித்தானிய, அயர்லாந்துப் பாடகர்கள் ஒரே நாளில் கூடிப் பதிவு செய்தனர். பிரித்தானியாவில் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1985 சூலை 13 அன்று லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் லைவ் எய்டு இசை நிகழ்ச்சி நடந்தது. பல கோடி பவுண்டு சேர்ந்தது. அந்தப் பணத்தில் லாரிகளும் உணவும் மருந்தும் போயின, உயிர்கள் பிழைத்தன. இதை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அரசுகளின் உணவு உதவி பெருகியதும் இந்த மக்கள் அழுத்தத்தால்தான்.

பாட்டின் தலைப்போ, இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தது தெரியுமா என்று கேட்டது. எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலேயே, எசானா மன்னர் காலத்தில், கிறித்தவத்தை ஏற்ற நாடு. சனவரி 7 அன்று கென்னா என்ற பெயரில் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் நாடு. பாறையைக் குடைந்து எடுத்த லாலிபெலா தேவாலயங்கள் பஞ்சம் வாட்டிய அதே வொல்லோ மாநிலத்தில்தான் அப்போது இருந்தன. ஒன்றுமே விளையாத, மழையும் ஆறும் இல்லாத நிலம் என்று அந்தப் பாட்டு ஆப்பிரிக்காவைச் சித்திரித்தது. நீல நைல் பிறப்பது எத்தியோப்பியாவின் தானா ஏரியில். எகிப்தின் வயல்களுக்குப் போகும் நீரில் பெரும்பங்கு இந்த மலைநாட்டு மழையே. ஆறாம் வகுப்பு மாணவன் எழுதினால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

பிழை பாட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இயற்கையின் கோபம் என்று நம்பியவர்கள் அனுப்பிய உதவி, மெங்கிஸ்து அரசின் கைகள் வழியாகவே பெரும்பாலும் போனது. கிளர்ச்சியாளர் வசமிருந்த பகுதிகளுக்குச் சூடான் வழியே சென்றது சிறு பங்கு. அதே காலத்தில் அரசு வடக்கிலிருந்து ஏறத்தாழ 6 லட்சம் பேரைத் தென்மேற்குக்குக் குடிபெயர்த்தது. உணவு வாங்க முகாமுக்கு வந்தவர்களையும் பிடித்து ஏற்றினார்கள், குடும்பங்கள் பிரிந்தன, வழியிலும் போன இடத்திலும் பல்லாயிரம் பேர் இறந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்களின் பிரெஞ்சுக் கிளை இதை வெளிப்படையாகக் கண்டித்தது. 1985 டிசம்பரில் அரசு அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. பெரும்பாலான மற்ற அமைப்புகள் பேசினால் நிவாரணப் பணி நின்றுவிடும் என்று அமைதி காத்தன. அந்த அமைதிக்கும் காரணம் இருந்தது, அதற்கு விலையும் இருந்தது.

லைவ் எய்டு மேடையில் திரையிட்ட கனடாத் தொலைக்காட்சிக் காட்சி ஒன்றில், சாகும் தறுவாயில் இருந்த மூன்று வயதுச் சிறுமியின் முகம் வந்தது. பிழைக்க மாட்டாள் என்று சொல்லப்பட்ட அவள் பிழைத்தாள். இருபது ஆண்டுகள் கழித்து, 2005இல் லண்டன் இசை மேடையில் வளர்ந்த பெண்ணாக வந்து நின்றாள். இருபது ஆண்டுகளாக உலகம் பார்த்துக்கொண்டிருந்த முகம் அன்றுதான் பேசியது.

பாறும் குழந்தையும்

1993 மார்ச்சில் தென் சூடானின் ஆயோத் என்ற இடத்தில், தென்னாப்பிரிக்க நிழற்படக்காரர் கெவின் கார்ட்டர் எடுத்த படம் அநேகமாக எல்லோரும் பார்த்ததுதான். உணவு மையத்துக்கு அருகே தரையில் சுருண்டிருக்கும் குழந்தை. பின்னால் காத்திருக்கும் பிணந்தின்னிக் கழுகு, நம் வழக்கில் பாறு. மார்ச் 26 அன்று நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. குழந்தை என்ன ஆனது என்று கேட்டு வாசகர்கள் எழுதினார்கள். கழுகை விரட்டிய பிறகு குழந்தை மீண்டும் நகர்ந்தது, மையத்தை அடைந்ததா என்று தெரியாது என இதழ் சில நாளில் விளக்கம் வெளியிட்டது. 1994இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு சூலையில் கார்ட்டர் தற்கொலை செய்துகொண்டார். பெண் குழந்தை என்று உலகம் எண்ணிய அது ஆண் குழந்தை என்றும், அப்போது பிழைத்து வளர்ந்ததென்றும் 2011இல் அங்கே சென்ற ஸ்பானியச் செய்தியாளர்கள் குடும்பத்தாரிடமிருந்து அறிந்தனர்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கார்ட்டர் குழந்தையைத் தூக்கினாரா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். தென் சூடானில் அப்போது போரிட்டுக்கொண்டிருந்தவர்கள் யார், கால்நடைகளைக் கொள்ளையடித்தும் ஊர்களைக் கொளுத்தியும் அந்தப் பஞ்சத்தை உண்டாக்கியவர்கள் யார் என்ற கேள்வி அந்த விவாதத்தில் வருவதே இல்லை.

நெறிமுறைகள்

தொண்டு நிறுவனங்களுக்குள்ளேயே எதிர்ப்பு எழாமல் இல்லை. பட்டினிக் குழந்தையின் உடலை அதன் ஒப்புதலின்றி ஊரறியக் காட்டுவது ஆபாசப் படத்துக்குச் சமம் என்று டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் லிஸ்னர் 1981இலேயே எழுதினார். கோரெமுக்கு மூன்றாண்டு முன்னதாக! 1989இல் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் பொதுப்பேரவை, மூன்றாம் உலகைப் பற்றிய படங்களுக்கும் செய்திகளுக்கும் நெறிமுறை ஒன்றை ஏற்றது. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பல தொண்டு நிறுவனங்களும் ஏற்ற பத்து அம்ச நெறிமுறையின் பத்தாவது அம்சம், பேரிடரில் சிக்கியவர்களை நம்பிக்கையற்ற பொருள்களாகக் காட்டாமல் மாண்புள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது.

எழுதி வைத்தது நல்லது. ஆனால் நிதி திரட்டும் பிரிவுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. தனியாக, அழுகையோடு, நேராகப் பார்க்கும் ஒரு குழந்தையின் படம் பணம் கொண்டுவருகிறது. உரக்கொள்முதல் கொள்கையை விளக்கும் வரைபடம் கொண்டுவருவதில்லை. 2002இல் பிரித்தானியத் தொண்டமைப்பான வி.எஸ்.ஓ. நடத்திய ஆய்வில், அந்நாட்டு மக்களில் 80 விழுக்காட்டினர் வளரும் நாடுகளைப் பஞ்சம், பேரிடர், மேலை உதவி ஆகியவற்றோடு சேர்த்தே நினைப்பதாகத் தெரிந்தது. லைவ் எய்டு நடந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆப்பிரிக்கர்கள் எழுதிய மறுமொழிகளில் கென்ய எழுத்தாளர் பின்யவங்கா வைனைனா 2005இல் எழுதிய கிண்டல் கட்டுரை புகழ்பெற்றது. ஆப்பிரிக்காவைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று அறிவுரை சொல்வதுபோல், எழுதப்படும் விதத்தையே அது நையாண்டி செய்தது. 2012இல் நார்வே மாணவர் அமைப்பு ஒன்று வேடிக்கைப் படம் ஒன்றை வெளியிட்டது. குளிரில் நடுங்கும் பாவப்பட்ட நார்வேக் குழந்தைகளுக்கு ஆப்பிரிக்க மக்கள் வெப்பக்கருவிகள் சேகரித்து அனுப்புவதாகக் காட்சி. மாணவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டினால் ஒரு பாடவேளை விளக்கம் மிச்சம்.

படமாகாத வெற்றிகள்

எத்தியோப்பியா உலகத் திரையில் இருந்த அதே ஆண்டுகளில், 1982 முதல் 1987 வரை, போட்சுவானாவில் தொடர்ந்து மழை பொய்த்தது. தானிய விளைச்சல் மிகக் குறைந்துபோயிற்று. பஞ்சச் சாவு நிகழவில்லை. சுகாதார நிலையங்களில் குழந்தைகளின் எடையை மாதந்தோறும் பதிந்து, எங்கே குறைகிறதோ அங்கே உணவு அனுப்பினார்கள். ஊர்ப்புறங்களில் கூலிக்கு வேலை கொடுத்தார்கள். எதிர்க்கட்சியும் தேர்தலும் இருந்த நாடு என்பதால் அரசுக்கு அச்சமும் இருந்தது. 1984இல் கென்யாவில் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி வந்தது. அரசு முன்னதாகவே சோளம் இறக்குமதி செய்து சந்தைக்கு அனுப்பியது. அங்கும் பஞ்சம் தடுக்கப்பட்டது. ஜான் டிரேஸ், சென் ஆகியோரின் ஆய்வுகளில் இவை விரிவாக உள்ளன.

நைரோபியில் வாழ்ந்த அமீன் எத்தியோப்பியாவில் படம்பிடித்த அந்த ஆண்டில், அவருடைய சொந்த நாடு தன் பஞ்சத்தைத் தானே தடுத்துக்கொண்டிருந்தது. சாகாத மனிதர்களை எப்படிப் படமெடுப்பது? சோளம் இறங்கும் துறைமுகத்தையும் எடைப்பதிவு அட்டையையும் யார் அட்டைப்படமாகப் போடுவார்கள்? ஆப்பிரிக்க அரசுகள் தங்கள் மக்களைக் காக்கத் தெரியாதவை என்ற எண்ணம் பரவியதில் இந்த வெற்றிடத்துக்குப் பங்கு உண்டு.

கேமரா வராத பஞ்சங்கள்

படமே தவறு என்று முடிவு கட்டினால் அதுவும் பிழையாகும். சோமாலியாவில் 2010 இறுதியிலிருந்தே முன்னெச்சரிக்கை அமைப்புகள் அபாயத்தைச் சொல்லிவந்தன. 2011 சூலை 20 அன்றுதான் பஞ்சம் என்று அறிவிப்பு வந்தது. அப்போது எலும்பும் தோலுமான படங்கள் வந்தன, பணமும் வந்தது. இறந்தவர்கள் ஏறத்தாழ 2,60,000 பேர். அவர்களில் பாதிப்பேர் அறிவிப்புக்கு முன்பே இறந்திருந்தனர். அல்-சபாப் வசமிருந்த பகுதிகளுக்கு உதவி போவதை அவ்வமைப்பும் தடுத்தது. அதற்கு உதவி சேர்ந்துவிடுமோ என்ற அமெரிக்கச் சட்டக் கெடுபிடியும் தடுத்தது. எச்சரிக்கை அறிக்கைக்கு முகம் இல்லை. முகம் வரும்போது காலம் கடந்திருக்கிறது.

2020 நவம்பரில் திக்ரேயில் மீண்டும் போர் மூண்டது. இம்முறை எத்தியோப்பியக் கூட்டாட்சிப் படையும் எரித்திரியப் படையும் ஒரு பக்கம். திக்ரேப் படை மறுபக்கம். 1984இல் கிளர்ச்சிப் படையாக இருந்த இயக்கத்தின் வழிவந்தவர்கள் இவர்கள். தொலைபேசியும் இணையமும் வங்கியும் துண்டிக்கப்பட்டன. செய்தியாளர்கள் தடுக்கப்பட்டனர். உணவு லாரிகள் மாதக்கணக்கில் வழியில் நின்றன. 2021 சூனில் ஐந்தாம் நிலைப் பேரழிவில் 3,50,000 பேர் இருப்பதாக மதிப்பீடு வந்தது. எத்தியோப்பிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 நவம்பரில் பிரிட்டோரியாவில் ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எத்தனை பேர் பசியால் இறந்தனர் என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு இல்லை.

1984இல் உலகம் பார்த்த கோரெம் இன்று தெற்குத் திக்ரேயில் இருக்கிறது. இந்தப் போரில் அதன் வழியாகவும் படைகள் போய் வந்தன. உலகின் நினைவில் நிற்கும் ஒரு படம்கூட இந்த முறை அங்கிருந்து வரவில்லை.